படிக்க முடியாத எழுத்து

அரூப ஓவியம் என்றதும் நாம் கண்டின்ஸ்கியிடம் ஓடுகிறோம். சங்கீதம் எதையும் சித்தரிக்காமலே மனசைத் தொடுகிறது, வர்ணத்தாலும் அது முடியும் என்று நம்பியவர் அவர். சென்னையில் நடந்தது வேறு. இங்கே அரூபத்துக்கு ஒரு முக்கியமான வாசல் எழுத்து.

சென்னை ஓவியப் பள்ளியில் 1957 வரை முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959-ல் நிறுவிய உழைப்பாளர் சிலை அவருடையது. நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி அதன் முன் நின்றால் தன் தோளையும் முதுகையும் அடையாளம் கண்டுகொள்வான். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 52. நிலக்காட்சி, மனித உருவம் என்று வரைந்து பெயர் வாங்கியிருந்த கை. அந்த வயதில் பழகிய திறமையை ஒதுக்கி வைப்பது லேசான காரியமில்லை. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் உருவானதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்திக் துணி விற்ற காசு ஓவியர்களுக்குச் சோறு போட்டது. படம் யாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி, வரைகிறவன் மனசில் செய்யும் வேலை பெரிது. கலைக் கொள்கைகளைவிடப் பெரிது என்பேன்.

பணிக்கரின் இந்தப் படங்களில் ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள், எண்கள், மலையாள எழுத்தின் சாயலில் நெருக்கமான வரிகள். எழுத்துப் போலிருக்கும், படிக்க முடியாது. கண் முதலில் படிக்கத்தான் பார்க்கிறது. தோற்கிறது. கோபம் வருகிறது. 'ஏமாற்று' என்று பலர் நகர்ந்துவிடுவது இந்த இடத்தில்தான். நின்றவனுக்கு மட்டும் மெல்ல நிறம் தெரிய ஆரம்பிக்கிறது. காடாம்புலியூரில் எங்கள் வங்கிக் கிளைக்கு வரும் எழுத்தறியாத கிழவிகள் பாஸ்புக்கின் வரிகளை விரலால் தடவிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது வடிவம்; ஆனால் தங்கள் காசு அதற்குள் இருப்பது தெரியும். பி.ஏ. இங்கிலீஷ் படித்த என்னையும் பணிக்கர் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

நம்மில் ஓவியம் பற்றி எழுதுகிற கவிஞர்கள் இதைப் பொறுப்பதில்லை. மீனுக்கு இந்த அர்த்தம், முக்கோணத்துக்கு அந்த அர்த்தம் என்று அகராதி போட்டுவிடுகிறார்கள். அதோடு படம் செத்தது. செய்தியை அழித்த பின்னும் ஜாதகக் கட்டத்தின் பயம் மட்டும் கான்வாஸில் மிஞ்சுகிறதே, அதற்கு எந்த அகராதி? பாரீஸ்காரனுக்கு அது அழகான கீழைக் கோலமாகப் படலாம். அவன் வீட்டில் எந்தக் கல்யாணமும் அந்தக் கட்டத்தால் நின்றுபோனதில்லை.