செள்ளுப்பனியும் உண்ணிக் காய்ச்சலும்: எல்லையில் ஒரு நோய்க்கு இரு பெயர்

2022 ஜூன் மாதத்தில் வர்க்கலையிலும் பாறசாலையிலும் சில நாள் இடைவெளியில் இருவர் ஒரே நோய்க்கு உயிரிழந்தனர். மலையாள நாளிதழ்கள் அதனைச் 'செள்ளுப்பனி' என்றன. பாறசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே களியக்காவிளையைக் கடந்தால், தமிழ்ச் செய்தித்தாள்களில் அதே நோய் 'உண்ணிக் காய்ச்சல்'. மருத்துவ நூல்களில் அது ஸ்க்ரப் டைபஸ்.

1956 நவம்பர் 1 வரை இவ்விரு பக்கமும் ஒரே ஆட்சிப் பரப்பு. அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பகுதி வீடுகளில் இரு மொழியும் புழங்குவதால் இரு பெயரும் ஒரே காதில் விழுகின்றன. செள்ளு, தமிழ்த் தெள்ளுக்கு நெருங்கிய சொல். நாயின் மயிரிடையே துள்ளும் ஆறுகால் பூச்சி. உண்ணி, 'உண்' என்னும் வினையடியாகப் பிறந்தது. தோலில் ஒட்டிக் குருதி குடித்துப் பருக்கும் எட்டுக்கால் உயிர். மலையாளத்தில் இது பட்டுண்ணி. வெறும் 'உண்ணி' அங்கே செல்லக் குழந்தையின் பெயர். காய்ச்சலைக் குறிக்கும் 'பனி'யோ தமிழில் மார்கழிக்குரியது.

இவ்வளவு வளமான சொற்களிருந்தும், நோயைப் பரப்பும் உயிரை இரு பெயரும் தவறவிட்டன. அது புதர்மண்டிய ஈரநிலத்தில் வாழும் ஒருவகைச் சிற்றுயிரின் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் இளம்பருவம். இயல்பாக எலிகளைப் பற்றும். வழியில் வருபவர் மனிதராயினும் பற்றும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே அது பிற உயிரின் உடலில் உணவெடுக்கிறது. நோய்க்கிருமியைத் தாயிடமிருந்து முட்டை வழியே பெறுகிறது. ஆகவே நாயின் உண்ணியை எவ்வளவு பொறுக்கினாலும் இந்நோய்க்கு அது காப்பாகாது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் படைவீரர்களை வீழ்த்தியது இதுவே. இக்கிருமியின் அறிவியற் பெயரிலுள்ள 'சுசுகாமுஷி' என்னும் சப்பானியச் சொல்லும் ஒரு பூச்சிப் பெயர்தான்.

பெயரிட்டவர்களைப் பழிக்கவும் இயலாது. எலித்தெள்ளால் வரும் டைபஸ் வேறு உண்டு. உண்ணியால் வரும் இந்திய டைபஸ் வேறு உண்டு. எல்லையின் இருபுறப் பெயர்களும் இந்நோயின் உறவினர்க்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றன.

அதனால் வளர்ப்பு விலங்கைக் காப்பது வீண்வேலை என்று கொள்ளலாகாது. பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா கிருமியைப் பரப்பி நாயின் உயிருக்கே ஊறு செய்யும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டி முடித்தவர் பாதி வேலையே செய்தவர். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு இட்டால் பூனை இறக்கக்கூடும்.

சிக்கல் வேறிடத்தில். பெயரைக் கேட்டு நாயைப் பார்ப்பவர் வீட்டைச் சூழ்ந்த புதரையும் எலிவளையையும் பார்ப்பதில்லை. நாயே வளர்க்காத வீட்டில், காய்ச்சலுக்குக் காரணம் இதுவாகாது என்று பெயரே ஐயத்தைத் தணித்துவிடக்கூடும். நோய் அடையாளங்களுள் முதன்மையானது கடித்த இடத்தில் தோன்றும் கருகிய புண். அது எல்லார்க்கும் தோன்றுவதில்லை, தோன்றினும் வலிப்பதில்லை, அக்குளிலும் தொடையிடுக்கிலும் மறைந்திருக்கும். 1948இல் மலாயாவிலேயே குளோராம்பெனிகால் இந்நோயைக் குணப்படுத்தியது. இன்று டாக்சிசைக்ளின் மலிவாகக் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் தணிகிறது.