கழுத்தில் பதித்த மெட்டுகள்

கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதிக்கப்படும் உலோகக் கம்பியை ஃபிரெட் என்பர். வீணைக்காரர்களின் 'மெட்டு' என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் வீணையின் மெட்டு மெழுகில் அமர்வது. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். கித்தாரின் மெட்டோ மரத்தில் அறுத்த பிளவுக்குள் இறுகிவிடும். ஆகவே அறுப்பதற்கு முன்பே கணக்குச் சரியாக இருந்தாக வேண்டும்.

அக்கணக்கு பழையது. வானியலறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் லூட் வாசித்தவர், இசையறிஞர். ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய கம்பி நீளத்தில் 18இல் ஒரு பங்கு தள்ளி அமையவேண்டும் என்று 1581இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். விதி எளிது, ஆனால் பன்னிரண்டு முறை கழித்தும் கம்பியின் நடுப்புள்ளியை அது எட்டாது. 34 அங்குலப் பாஸ் கித்தாரில் அக்குறை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி சற்று ஏறும் என்பதால், அந்தப் பிழையே ஓரளவு நன்மையாகவும் இருந்தது! இன்று 17.817ஆல் வகுக்கிறார்கள், பன்னிரண்டாம் மெட்டு மிகச்சரியாக 17ஆம் அங்குலத்தில் விழுகிறது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டர் 1951இல் மெட்டுகள் பதித்த மின் பாஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930களிலேயே இதைச் செய்து பார்த்திருந்தார், அது பரவவில்லை. ஃபெண்டர் தம் கருவிக்கு வைத்த பெயர் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம். மெட்டில்லாத பெரிய டபுள் பாஸில் சுரத்தானத்தைச் செவியாலேயே தேடப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அந்த உழைப்பை இருபது உலோகக் கம்பிகள் ஏற்றுக்கொண்டன. கித்தார் வாசிப்பவர் எவரும் பாஸுக்கு மாறலாம் என்றாயிற்று. இதை வெறும் இழப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

துல்லியம் கணக்கோடு முடிவதுமில்லை. அடித்து இறக்கிய மெட்டுகள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. கைவினைஞர் மரத்தை ஒட்டுநாடாவால் மூடி, மெட்டுகளின் முதுகில் மையைப் பூசி, நீளமான தட்டை அரத்தால் தேய்ப்பார். மை அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். எல்லா மெட்டிலும் மை அழியும்வரை தேய்க்கவேண்டும். பாஸின் தடித்த கம்பி அகலமாக அதிரும். ஒரு மெட்டு முடியளவு உயர்ந்திருந்தாலும் 'கிர்' என்று இரையும். தேய்த்ததால் மெட்டின் தலை தட்டையாகிவிடும். அப்படியே விட்டால் கம்பி தொடும் புள்ளி நடுவிலிருந்து விளிம்புக்கு விலகும்; கணக்கிட்டதெல்லாம் வீண். எனவே குழிந்த அரத்தால் மறுபடியும் வளைவு தந்து, ஓரங்களைக் கை கிழிக்காதபடி மழுக்கி, மெருகேற்றுவார். அறுப்பதைவிட இதற்கே பொறுமை அதிகம் வேண்டும்.

ஃபெண்டரின் தொடக்ககால மேப்பிள் கழுத்துகளில் மெட்டுகளைப் பதித்த பிறகே, அவற்றின் மேலேயே அரக்குப்பூச்சு தெளித்தனர். ரோஸ்வுட் பலகை 1950களின் இறுதியில் வந்தபோது அதைப் பூச்சின்றி விட்டனர்.

அந்த ரோஸ்வுட்டில்தான் கதை திரும்பியது. ஜாகோ பாஸ்டோரியஸின் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பாஸில் மெட்டுகள் பிடுங்கப்பட்டிருந்தன. தானே பிடுங்கியதாகவும், பிடுங்கிய நிலையில் வாங்கியதாகவும் இரண்டு கதைகளையும் அவரே சொல்லியிருக்கிறார். பிளவுகளை மரப்பசையால் அடைத்து, உலோகச் சுருள் கம்பிகள் மரத்தை அரிக்காதிருக்கப் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். 1976இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. மெட்டு இருந்தபோது விரல் அதற்குச் சற்றுப் பின்னே எங்கு விழுந்தாலும் சுருதி சேர்ந்தது. இப்போதோ அடைத்த பிளவின் வெளிறிய கோட்டின் மேலேயே விரல் விழவேண்டும்.