இலங்கையின் ஆசியான் முயற்சியும் இந்தியாவின் பார்வையும்

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வாசல்வரை இலங்கை இருமுறை போய்த் திரும்பியது. 1967-இல் அழைப்பு வந்தது, இலங்கை சேரவில்லை. 1981-இல் இலங்கை விண்ணப்பித்தது, ஆசியான் சேர்க்கவில்லை.

1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்தும் ஆசியானைத் தோற்றுவித்தன. சிங்கப்பூருக்காகக் கையொப்பமிட்ட வெளியுறவு அமைச்சர் எஸ். இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் என்பது தமிழருக்குப் பெருமை தரும் செய்தி. இலங்கையில் அப்போது டட்லி சேனநாயக்கவின் ஆட்சி. 1955-இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆசியான் நாடுகளிலோ தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் அமெரிக்கத் தளங்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டிஷ் படைகள். அணிசேராக் கொள்கையே இலங்கையைத் தடுத்தது.

1977-இல் பதவிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன சந்தையைத் திறந்துவிட்டார். சிங்கப்பூரை முன்மாதிரியாகக் கொண்டார். ஆனால் விண்ணப்பித்த வேளை சரியில்லை. வியட்நாம் துணையுடன் கம்பூச்சியாவில் (கம்போடியாவில்) அமைந்த ஹெங் சாம்ரின் அரசை இந்தியா 1980 ஜூலையில் அங்கீகரித்திருந்தது. ஆசியான் அவ்வரசை ஏற்க மறுத்துவந்தது. அந்த நிலையில் கொழும்பு ஆசியானுக்குள் போவது, தனக்கு எதிர்வரிசையில் போய் அமர்வதாகவே தில்லிக்குப் படும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கி.மீ. கடல்தான் இருக்கும்போது இக்கவலை இயல்பானதே. இலங்கை வேண்டியது வணிகம் என்பதும் உண்மை. அதைத் தில்லி போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. புவியியல் எல்லைக்கு வெளியே உள்ள நாடு என்று ஆசியான் இலங்கையை விலக்கியது.

வங்கதேச அதிபர் ஜியாவுர் ரஹ்மான் 1980-இல் முன்வைத்த, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் திட்டத்தையும் இந்தியா ஐயத்துடனேயே அணுகியது. சிறிய அண்டை நாடுகள் தனக்கெதிராக ஒன்றுகூடும் என அஞ்சியது. 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏற்ற சாசனத்தில், முடிவுகள் ஒருமனதாக இருக்கவேண்டும், இருதரப்புப் பிணக்குகள் பேசப்படா என்னும், அவ்வச்சத்தைத் தணிக்கும் விதிகள் இடம்பெற்றன.

இந்தியப் பார்வை எழுத்தில் துலங்குவது 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில். அவற்றின்படி, திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் தரப்படாது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களின் சீரமைப்பு இருநாட்டுக் கூட்டு முயற்சியாகும்.

1997-இல் வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பைத் தொடங்கிய நாடுகளுள் இவ்விரண்டும் இருந்தன. 2007-இல் இலங்கை ஆசியான் வட்டார மன்றத்தில் இணைந்தது. 2024-இல் பிரிக்ஸில் சேர விருப்பம் தெரிவித்தது.