டி.எஸ்.ஆர். நிறுவனம்

டி.எஸ்.ஆர். என்பது ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா நகரில் இயங்கிவந்த விளையாட்டு வெளியீட்டு நிறுவனம் ஆகும். வணிக நோக்கில் வெளியான முதல் பாத்திரமேற்பு விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இவ்வகை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசியும் முடிவெடுத்தும் ஆடுவர். நடுவராக இருப்பவர் கதையை நடத்திச் செல்வார். செயல்களின் வெற்றி தோல்வியைப் பகடைகள் தீர்மானிக்கும்.

தோற்றம்

கேரி கைகாக்ஸ், டான் கே ஆகிய இருவரும் 1973 அக்டோபரில் டாக்டிக்கல் ஸ்டடீஸ் ரூல்ஸ் என்னும் பெயரில் இதனைத் தொடங்கினர். கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய விளையாட்டை அச்சிடப் பணம் போதாமையால் பிரையன் புளூம் பங்குதாரராகச் சேர்க்கப்பட்டார். முதலில் அச்சிட்ட 1000 படிகளும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. 1975 சனவரியில் டான் கே மாரடைப்பால் இறந்தார். அதன் பின்னர் நிறுவனம் மாற்றியமைக்கப்பட்டபோது பெரும்பான்மைப் பங்குகள் புளூம் குடும்பத்தாரிடம் சென்றன.

வளர்ச்சி

1976 இல் டிராகன் இதழ் தொடங்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஊழியர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. ஆயினும் மிகை விரிவாக்கத்தால் கடன் பெருகி, 1983 முதல் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. 1985 இல் லொரைன் வில்லியம்ஸ் புளூம் சகோதரர்களின் பங்குகளை வாங்கி நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். கைகாக்ஸ் தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 1986 இல் விலகினார்.

வீழ்ச்சி

1990களில் பல கற்பனை உலகங்களுக்குத் தனித்தனியே நூல்கள் வெளியிடப்பட்டன. வாசகர்கள் தாம் விரும்பிய உலகின் நூல்களை மட்டும் வாங்கியதால் ஒவ்வொரு நூலின் விற்பனையும் குறைந்தது. 1993 இல் விசர்ட்ஸ் ஆப் த கோஸ்ட் வெளியிட்ட மேஜிக்: த கேதரிங் என்னும் சீட்டு விளையாட்டு வாடிக்கையாளர்களை ஈர்த்துக்கொண்டது.

நூல்களைக் கடைகளுக்கு வழங்கிய ராண்டம் ஹவுஸ், சரக்கு வந்தவுடன் முன்பணம் அளித்துவந்தது. விற்காத படிகள் திரும்பினால் அப்பணம் கடனாகிவிடும். 1996 இல் பெருந்தொகையான படிகள் திருப்பி அனுப்பப்பட்டன. அச்சகத்துக்கும் பணம் செலுத்த இயலாமல் புதிய வெளியீடுகள் நின்றன. அச்சு நின்றதால் வருவாயும் நின்றது.

கையகப்படுத்தல்

1997 இல் விசர்ட்ஸ் ஆப் த கோஸ்ட் இந்நிறுவனத்தைக் கடன்களுடன் விலைக்கு வாங்கியது. 1999 இல் விசர்ட்சை ஹாஸ்புரோ வாங்கியது. 2000 இல் வெளியான மூன்றாம் பதிப்பில் டி.எஸ்.ஆர். என்னும் பெயர் கைவிடப்பட்டது. எனினும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடர்ந்து வெளியிடப்பட்டு வருகிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2014 இல் வெளியானது.