டெக் போனபிறகும் றிமோட் இருக்கு

எங்கட வீட்டு வீடியோ டெக் பழுதாகிக் கன வருசம். அதன் றிமோட் மட்டும் இன்னமும் அப்பம்மாவின் கட்டில் தலைமாட்டில் கிடக்கிறது. கசெற்றுகளில் இருந்ததைப் போன வருசம் கொம்பியூட்டர் ஃபைல்களாக மாற்றி எடுத்தோம். அப்பம்மாவுக்குக் கண் பார்வை நல்லாக் குறைந்துவிட்டது. மவுஸின் அம்புக்குறி அவவுக்குத் தெரியாது. றிமோட்டின் பொத்தான்களோ பெருவிரலுக்கு மனப்பாடம். "இதாலயே போடேலாதோ பிள்ளை?" என்று கேட்டா. ஏலாது என்றுதான் சொன்னேன். பிறகு, ஏன் ஏலாது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதை அமெரிக்காவின் ஸெனித் கொம்பனியில் தொடங்குகிறது. 1950இல் அவர்கள் விற்ற 'லேஸி போன்ஸ்' நீள வயரோடு வந்தது. ஆட்கள் அதில் தடக்குப்பட்டார்கள். 1955இல் யூஜின் பொலி 'ஃபிளாஷ்-மற்றிக்' செய்தார். ரீவியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள், கையில் ரோர்ச் மாதிரி ஒன்று. பிரச்சினை என்னவென்றால், வெயில் பட்டாலும் சனல் மாறிவிடும். அதனால் 1956இல் றொபர்ட் அட்லர் ஒளியை விட்டு ஒலிக்குப் போனார். அவருடைய 'ஸ்பேஸ் கொமாண்ட்' றிமோட்டுக்குள் அலுமினியத் தண்டுகள். பொத்தானை அமத்த ஒரு குட்டிச் சுத்தியல் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி போகும். பற்றரியே கிடையாது. பற்றரி தீர்ந்தால் ரீவிதான் பழுது என்று வாங்கினவர்கள் நினைப்பார்கள் என்று கொம்பனிக்குப் பயம். (பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த 1990களின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவ அப்பம்மா. இதைச் சொன்னபோது "அதெல்லோ றிமோட்" என்றா.)

கால் நூற்றாண்டளவு ஒலிதான் ஆட்சி செய்தது. வீடியோ டெக் வீடுகளுக்குள் வந்த 1980களில் றிமோட் திரும்பவும் ஒளிக்கு வந்தது. இந்த முறை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பொலியின் வெயில் பிரச்சினையும் கூடவே வந்தது, ஏனென்றால் வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அதுக்கு எடுத்த வழி எனக்கு நல்லாப் பிடிச்சது: றிமோட் ஒளியைச் சும்மா காட்டாமல் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கவிடும். ரிசீவர் அந்த வேகத் துடிப்பை மட்டும் எடுக்கும். வெயில் துடிக்காது.

துடிப்பு ஏறக்குறைய பொது. மொழி பொது இல்லை. ஐரோப்பாவில் பிலிப்ஸின் ஆர்சி-5: ஒரு செய்திக்கு 14 பிற். அதில் டெக்கின் இலக்கம் 5, 'பிளே'யின் இலக்கம் 53. யப்பானின் என்ஈசி முறையில் முதலில் 9 மில்லிசெக்கன் ஒளி, 4.5 மில்லிசெக்கன் இருட்டு, பிறகு 32 பிற். இலக்கத்தைச் சொல்லி, உடனே அதையே தலைகீழாகவும் சொல்லும், பிழை பிடிக்க. சோனிக்கு வேறொன்று. எல்லா றிமோட்டிலும் அதே முக்கோணம்தான் 'பிளே'. ஒளியில் அது ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு சொல். ஒரு றிமோட் ரீவியையும் டெக்கையும் ஒரேயடியாக இயக்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் அதுக்கு இலக்கம் மாறினால் போதும், மொழியே மாறத் தேவையில்லை என்பது என் எண்ணம். வீட்டில் மூன்று கருவி, மூன்று றிமோட்.

இந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்தவர்களில் அப்பிள் ஸ்ரீவ் வொஸ்னியாக்கும் ஒருவர். 1987இல் 'கோர்' என்று ஒரு றிமோட் விட்டார். மற்ற றிமோட்டை அதுக்கு நேரே பிடித்து அமத்தினால் அந்தச் சைகையைப் படித்துக்கொள்ளும். அதே வேலையைக் கொம்பியூட்டருக்குக் கொண்டுவந்தது எல்ஐஆர்சி என்ற இலவச மென்பொருள். லினக்ஸுக்காக 1990களில் ரால்ஃப் மெற்ஸ்லர் எழுதத் தொடங்கினார், பிறகு கிறிஸ்ரோஃப் பார்தெல்முஸ் தொடர்ந்தார். தேவைப்பட்ட சாமான் மூன்று கால் உள்ள ஒரு சின்ன ரிசீவரும், பழைய கொம்பியூட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் சீரியல் போர்ட்டும். கொம்பியூட்டர் செய்வது ஒன்றே ஒன்று: ஒளி எவ்வளவு நேரம், இருட்டு எவ்வளவு நேரம் என்று அளக்கிறது.

பொறியியல் பீடத்து நண்பன் ஒருவன் ரிசீவரை ஈயம் வைத்து ஒட்டித் தந்தான். நாங்கள் முதலில் செய்தது போன் கமராவால் றிமோட்டின் நுனியைப் பார்த்தது. ஊதா நிறமாக மின்னினால் றிமோட் உயிரோடு இருக்கு. பிறகு 'ஐஆர்றெக்கோர்ட்' என்ற நிரலை ஓடவிட்டோம். பொத்தான்களைத் தாறுமாறாக அமத்தச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் திரையில் புள்ளிகள் விழும். அந்தக் கட்டத்தில் அதுக்கு எந்தப் பொத்தான் எது என்று அக்கறையில்லை. பொதுவான வடிவத்தை மட்டும் தேடுகிறது. தெரியாத எழுத்தில் உள்ள கல்வெட்டை முதல் தடவை பார்க்கிற ஆள் எழுத்துகளைப் பிரிக்கிறாரே, அப்படி. அதன் பிறகுதான் பெயர் கேட்கும். 'கீ_பிளே' என்று நீங்கள் எழுதி, பொத்தானை அமத்த வேண்டும். கொம்பனி அதுக்கு என்ன பெயர் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆர்சி-5 றிமோட் என்றால் இன்னொரு படி உண்டு. அதில் ஒவ்வொரு தடவை அமத்தும்போதும் ஒரு பிற் புரளும், அமத்திப் பிடித்திருக்கிறீர்களா, விட்டு அமத்தினீர்களா என்று பிரித்தறிய. அந்தப் பிற் எது என்று கண்டுபிடிக்க ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தச் சொல்லும். எங்கடது என்ஈசி, தப்பினோம்.

கடைசியில் வருவது ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. இப்படி உலகம் முழுக்க ஆட்கள் தங்கட வீட்டு றிமோட்டுகளைப் பதிந்து அனுப்பிய கோப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த யப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்தியது. மொழிகள் அந்தக் கோப்புகளில் இருக்கு.

அப்பம்மா இப்ப பிளே, ஸ்ரொப் எல்லாம் தானே போடுறா. 'றிவைண்ட்' பொத்தானுக்குத்தான் என்ன குடுக்கிறது என்று தெரியேல்ல; ஃபைலில் சுத்த நாடா இல்லையே. பத்துச் செக்கன் பின்னால் போகிற மாதிரி வைத்தோம். பெரியப்பாவின் கலியாணத்தில் தாலி கட்டுகிற இடத்தில் அமத்திப் பார்த்துவிட்டு, "அந்த கிர்ர் சத்தம் எங்க?" என்று கேட்டா.