ரெட்டி நாயுடு இடைக்கால அமைச்சரவை (சென்னை மாகாணம், 1937)

கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் தலைமையில் 1937 ஏப்ரல் 1 முதல் ஜூலை 14 வரை சென்னை மாகாணத்தில் இருந்த அரசு இது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி மாகாண சுயாட்சி தொடங்கிய நாளிலேயே பதவியேற்றது. ஏ. டி. பன்னீர்செல்வம், எம். ஏ. முத்தையா செட்டியார், எம். சி. ராஜா, கலிபுல்லா சாகிப், ஆர். எம். பாலட் ஆகியோர் அமைச்சர்கள். சட்டசபையின் 215 இடங்களில் 159ஐ வென்றிருந்தது காங்கிரஸ். ஆனால் தம் சிறப்பு அதிகாரங்களைக் கொண்டு தலையிட மாட்டேன் என்று ஆளுநர் எர்ஸ்கின் பிரபு உறுதி தரும்வரை ஆட்சியேற்க முடியாது என அக்கட்சியின் தலைவர் ராஜாஜி மறுத்தார். எர்ஸ்கின் அடுத்து அழைத்த மிதவாதத் தலைவர் சீனிவாச சாஸ்திரியும் ஒப்பாததால், நீதிக்கட்சிக்காரரான ரெட்டி நாயுடு வந்தார்.

மூன்றரை மாத ஆட்சி என்பதால் வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமல்ல. காங்கிரஸ் அஞ்சியது வீணல்ல என்பதற்கு இந்த அமைச்சரவையே சாட்சி. அந்தச் சட்டப்படி, சட்டசபை உறுப்பினரல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக நீடிக்க முடிந்தது. சட்டசபையைக் கூட்டும் பொறுப்போ ஆளுநரிடம் இருந்தது. பெரும்பான்மையே இல்லாமல் அரசு நடத்த இவ்வளவு போதுமானதாக இருந்தது.

எல்லாம் சட்டப்படிதானே நடந்தது, வேறு வழி ஏது என்று கேட்கலாம். வழி இருந்தது: அதே சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி ஆளுநர் நேரடியாகவே ஆண்டிருக்கலாம். சுயாட்சி பிறந்த அன்றே அது தோற்றதாக அறிவிக்க யாருக்கு மனம் வரும்? வென்ற கட்சி பொறுப்பைத் தட்டிக்கழித்ததே காரணம் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பம்பாயில் கூப்பர், ஐக்கிய மாகாணத்தில் சத்தாரி நவாப், பீகாரில் முகமது யூனுஸ் என்று பல இடங்களிலும் இதே ஏற்பாடு நடந்ததால், குறை சட்டத்தின் அமைப்பில்தான் இருந்தது.

சுவீடனோடு ஒரே மன்னரின் கீழிருந்த நார்வேயிலும் 1884இல் இப்படி ஒன்று நடந்தது. இரண்டாம் ஆஸ்கர் மன்னர் தம் விருப்பப்படி அமைத்த ஷ்வைகார்டின் ‘ஏப்ரல் அமைச்சரவை’ ஜூனில் விழுந்தது. நாடாளுமன்றப் பெரும்பான்மையின் தலைவரான ஸ்வெர்ட்ரூப் பிரதமரானார். அங்கே மன்னரின் கை தாழ்ந்தது. இங்கே 1937 ஜூனில் வைஸ்ராய் லின்லித்கோ சமாதானமாகச் சில சொற்கள் சொன்னார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஜூலையில் வார்தாவில் கூடிய காங்கிரஸ் செயற்குழு ஆட்சியேற்க இசைவு தர, ராஜாஜி பதவியேற்றார். 1939 அக்டோபரில் அவர் விலகியபோது அதே எர்ஸ்கின் இடைக்கால அமைச்சரவை எதையும் தேடாமல் 93ஆம் பிரிவை நேராகவே கையிலெடுத்தார்.