தேய்ந்த சல்லி

எங்கட பக்கம் காசுக்குச் 'சல்லி' எண்டுதான் பேர். தங்கம் எண்டா 'பவுண்'. மகர் பேசுற சபையிலும் பவுண்தான். அந்தப் பவுண் இங்கிலாந்தின் சொவரின் என்ற தங்க நாணயத்திலிருந்து வந்த எடை. அது 7.98 கிராம், நாம் 8 கிராமாக எண்ணுகிறோம். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம், அவன்ட காசில் இன்னும் கல்யாணம் பேசுகிறோம்.

மூத்தம்மாட கொட்டப்பெட்டியில், பாக்குவெட்டிக்குக் கீழே ஏழு காசு கிடந்தது. ஏழும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. "செல்லாத சல்லி மகன், வெச்சி என்ன செய்ய?" எண்டா. நான் ஒன்றை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஆனால் மங்கலாகத் தெரிந்த இரண்டு எழுத்தும் அதோடு போயிற்று. அதனால் முதல் விதி: கழுவாதீர்கள். புளி, சாம்பல், பித்தளை மினுக்கும் மருந்து எதுவும் வேண்டாம்.

பிறகு எப்படி அடையாளம் காண்பது? அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைக் காசின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேரே பார்த்தால் தெரியாத கோடுகள் நிழலாக எழும்பும். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். விக்டோரியா ராணி இடப்பக்கம், ஏழாம் எட்வேர்ட் வலப்பக்கம், ஐந்தாம் ஆறாம் ஜோர்ஜ் மன்னர்கள் திரும்பவும் இடப்பக்கம். பின்புறம் நடுவில் ஒற்றை மரம், அதன் இரு பக்கமும் சிங்களமும் தமிழும் இருந்தால் அது இலங்கைச் சதம். 1870 என்று ஆண்டு போட்டு, கால், அரை, ஒன்று, ஐந்து சதங்களாக அந்த வரிசை தொடங்கியது.

எல்லாம் அழிந்து போயிருந்தால் நகைக்கடைத் தராசில் வையுங்கள். பழைய ஒரு சதம் புதிதாக இருக்கையில் 4.72 கிராம், அரைச் சதம் அதில் பாதி, செப்பு ஐந்து சதம் கிட்டத்தட்ட 19 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சதுர ஐந்து சதம் 1909இல் வந்தது. பூவிதழ் போல ஓரம் வளைந்த மஞ்சள் இரண்டு சதமும் பத்துச் சதமும் இரண்டாம் உலகப் போர் நடந்த 1944இல் வந்தவை. பெரிய வெள்ளி ஒரு ரூபா கிடைத்தால் அதை இலங்கைக் காசென்று நினைக்க வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே புழங்கியது இந்திய ரூபாதான்.

யானை உருவம் தெரிந்தால் இன்னும் பழசு. 1802 முதல் வந்த ரிக்ஸ்டொலர், ஸ்டைவர் காலத்துச் செப்புக் காசுகளில் யானை உண்டு. வீ எழுத்தின் இரு காலிலும் ஓவும் சீயும் கோத்திருந்தால் அது ஒல்லாந்தக் கம்பனியின் 'டொய்ட்'. நம்மட 'துட்டு' அதிலிருந்து வந்த சொல் என்பார்கள்.

சரி, விற்கலாமா? இணையத்தில் "பழைய காசுக்கு லட்சம்" என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். சதக்காசுகள் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை; தேய்ந்தவற்றுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. வெள்ளிச் சதங்களை உருக்குகிற விலைக்குக் கொடுத்தால் காசும் போகும், கதையும் போகும். வளவு கொத்தும்போது மண்ணிலிருந்து பழங்காசு கிடைத்தால் அது வேறு விஷயம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகக் கொண்டது. அது கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள். யானைக் காசும் டொய்ட்டும் அந்த எல்லைக்குள் வரக்கூடியவை. கிராம சேவகரிடமோ தொல்பொருள் திணைக்களத்திடமோ சொல்லுங்கள்.

சேகரிப்பாளருக்குத் தேய்மானம் குறை. எனக்கு அதுதான் சரித்திரம். பெட்டிக்குள் பூட்டி வைத்த காசு தேயாது. சந்தையில் மீனுக்கும் நெல்லுக்கும் மருதமுனைப் புடவைக்கும் கை மாறின காசுதான் தேயும். ஓட்டை போட்ட காசை யாரோ ஒரு உம்மா பிள்ளையின் அரைஞாணில் கோத்திருப்பா.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கட கரையில் உயிர்களோடு உறுதியையும் போட்டோவையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு போனது. நாட்டிலேயே கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். மூத்தம்மாட பெட்டி அண்டைக்குச் சம்மாந்துறையில் சொந்தக்கார வீட்டில் இருந்ததால் தப்பியது. அவட வாப்பாட கையால் வந்த பொருளில் எங்களிடம் மிஞ்சினது அந்த ஏழு காசுதான்.

இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, யாருடையது, எந்த வீடு, யார் சொன்னது என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் புளி போட்டுக் கெடுத்த காசின் உறையிலும் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். உங்கட வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். காசு இன்னும் நூறு வருஷம் கிடக்கும். அதன் கதை தெரிஞ்ச மூத்தம்மா அவ்வளவு காலம் இருக்கமாட்டா. அவவிடம் இண்டைக்கே கேளுங்கள்.